கடல் கடந்த வீட்டில் ஒரு சாவு: ராமநாதபுரம் கரைக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், கீழக்கரை என்று இந்தக் கரையை ஊராகச் சொல்லிக்கொண்டு பினாங்கிலும் சிங்கப்பூரிலும் துபாயிலும் டொராண்டோவிலும் வாழ்கிற குடும்பங்களுக்காக எழுதியது. சாவுச் சடங்கு தெருவுக்குத் தெரு மாறும். இங்கே இருப்பதும் உங்கள் வீட்டுப் பெரியவர் சொல்வதும் முட்டிக்கொண்டால் பெரியவர் சொல்வதையே செய்யுங்கள். சட்டம், விமானம், சுடுகாட்டு விதி ஆகியவற்றில் மட்டும் அப்படிச் செய்ய முடியாது.

உடலை ஊருக்குக் கொண்டுவருவதா, அந்த நாட்டிலேயே முடிப்பதா?

இறந்தவர் சொல்லிவிட்டுப் போயிருந்தால் அதுவே முடிவு. சொல்லவில்லையென்றால், அழ வேண்டிய ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். மனைவியும் பிள்ளைகளும் லண்டனில் இருக்க, சொந்தக்காரர் நாலு பேருக்காக உடலை ஊருக்கு அனுப்பினால் பிள்ளைகள் வெறுங்கையோடு நிற்பார்கள். வளைகுடாவில் தனியாக இருந்தவர் என்றால் கதையே வேறு. அவருடைய வீடு இங்கேதான் இருக்கிறது. சவுதி அரேபியாவில் இந்துக்கள் எரியூட்ட வழியில்லை, ஊருக்கு அனுப்ப வேண்டும், இல்லையென்றால் அங்கேயே புதைக்க வேண்டும். துபாயில் தகன வசதி உண்டு.

"ஊர் மண்ணில் போடாவிட்டால் ஆத்மா அலையும்" என்று தொலைபேசியில் சொல்கிற உறவினர் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். கடலோடிகளும் சபராளிகளும் (கடல் கடந்து பிழைக்கப் போனவர்கள்) நிறைந்த கரை இது. ஆள் இல்லாத சாவு, உடல் வராத சாவு, மாதம் கழித்துச் சேதி வந்த சாவு எல்லாவற்றுக்கும் முறை வகுத்து வைத்த ஊர். அந்த முறைகள் கீழே வருகின்றன.

வளைகுடாவிலிருந்து உடல் வர என்னென்ன தாள்கள் வேண்டும்?

மருத்துவமனையின் இறப்பு அறிவிப்பு, காவல்துறையின் தடையின்மைச் சான்று, அந்நாட்டு இறப்புச் சான்றிதழும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும், ரத்து செய்யப்பட்ட பாஸ்போர்ட், இந்தியத் தூதரகத்தின் தடையில்லாச் சான்று, எம்பாமிங் (உடல் கெடாமல் மருந்து ஏற்றுவது) சான்று, பெட்டியை மூடி முத்திரையிட்டதற்கான சான்று, விமானச் சரக்குச் சீட்டு. இந்தியாவில் இறங்கும் விமான நிலையத்தின் சுகாதார அதிகாரி அனுமதி தர வேண்டும். அதற்காக 2023 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ஈ-கேர் இணையதளத்தில் இதே தாள்களை ஏற்ற வேண்டும்.

பெயர் எழுத்துகளில்தான் பெரும்பாலும் சிக்கல். பாஸ்போர்ட்டில் தந்தை பெயரோடு இருப்பது அரபுச் சான்றிதழில் பாதியாக வரும். மொழிபெயர்ப்பாளரிடம் பாஸ்போர்ட் நகலைக் கொடுத்து, அதில் உள்ள எழுத்துப்படியே எழுதச் சொல்லுங்கள். விபத்து, தற்கொலை, சந்தேக மரணம் என்றால் விசாரணை முடியாமல் உடல் நகராது. எத்தனை பேரைத் தொலைபேசியில் அழைத்தாலும் அந்த நாட்கள் குறையாது.

கையில் காசில்லாத நிலைமையென்றால் 2009-இல் தொடங்கிய இந்திய சமூக நல நிதியிலிருந்து செலவை ஏற்கும்படி தூதரகத்துக்கு எழுதிக் கேளுங்கள். இசிஆர் (குடியேற்றச் சோதனை தேவை என்று குறித்த) பாஸ்போர்ட்டில் போனவருக்குப் பிரவாசி பாரதிய பீமா காப்பீடு கட்டாயம். விபத்தில் இறந்தால் 10 லட்ச ரூபாய் வரும். பாலிசித் தாள் பெரும்பாலும் ஆளை அனுப்பிய முகவரிடம் கிடக்கும், கேட்டு வாங்குங்கள்.

பெட்டி வந்து இறங்கிய பிறகு?

மதுரைதான் பக்கம், ராமநாதபுரத்துக்குச் சுமார் 115 கிலோமீட்டர். ஆனால் நீங்கள் பிடிக்கிற விமானம் பெட்டியை ஏற்றுமா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் திருச்சி அல்லது சென்னை. விமான நிலையத்திலிருந்து வீடு வரைக்கும் வண்டி கேட்டுத் தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறையை அணுகலாம்.

மரப்பெட்டியும் உள்ளே துத்தநாகத் தகடும் சேர்ந்து கனம் அதிகம். தூக்க ஆறு முதல் எட்டு ஆள் வேண்டும். வீட்டு நடையின் அகலத்தை முன்னாலேயே அளந்துவிடுங்கள். பழைய வீட்டு நிலைக்குள் பெட்டி திரும்பாது, திண்ணையிலோ பந்தலிலோ வைக்க வேண்டியிருக்கும். தகட்டை அறுக்கத் தகரக் கத்தரி வேண்டும். சாவு வீட்டில் அது கிடைக்காமல் நாலு பேர் அரிவாளோடு நிற்பதுதான் வழக்கமாக நடக்கிறது. எரிப்பதாக இருந்தால் தகட்டை நீக்காமல் சிதையில் ஏற்றக் கூடாது.

எம்பாமிங் செய்த உடலைக் குளிப்பாட்ட வேண்டாம். நீர்மாலைத் தண்ணீரை (குளிப்பாட்டுவதற்கென்று சடங்காக எடுத்துவருவது) காலடியில் மூன்று முறை தெளித்தால் போதும். திறந்தவுடன் மருந்து நெடி கண்ணைக் கரிக்கும், அதனால் கொஞ்ச நேரம் காற்றாட விட்டுப் பிறகு பெண்களையும் பிள்ளைகளையும் அழையுங்கள். பல நாள் கழித்து வந்த முகம் மாறியிருக்கும். முதலில் ஒரு பெரியவர் தனியாகப் பார்த்து, திறந்து வைக்கலாமா வேண்டாமா என்று சொல்லட்டும்.

அப்பா ஊரில் இறந்துவிட்டார். நான் வந்து சேர இரண்டு நாள் ஆகும். வைத்திருப்பார்களா?

ஐஸ் பெட்டியில் இரண்டு மூன்று நாள் தாங்கும், மின்சாரம் நின்றுபோகாமல் இருந்தால். ஜெனரேட்டருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். மூடியைத் திறந்து திறந்து மாலை போடுவதுதான் கெடுதல்: குளிர் போய், உள்ளே தண்ணீர் கோத்து, முகம் ஊதும். மாலையை மூடிமேல் போடச் சொல்லுங்கள்.

கிளம்புமுன் தம்பியிடமோ பங்காளியிடமோ, "இந்த நேரத்துக்குள் நான் வராவிட்டால் எடுத்துவிடுங்கள்" என்று நீங்களே நேரம் குறித்துச் சொல்லிவிடுவது நல்லது. அந்த வார்த்தையைச் சொல்லத் தயங்குவதால்தான் ஊரே காத்திருந்து, பிறகு வருஷக்கணக்கில் அதைப் பேசுகிறது.

போகவே முடியவில்லை. வீடியோவில் பார்ப்பது மரியாதைதானா?

மரியாதைதான், சரியாகச் செய்தால். கைப்பேசியைப் பிடிக்க ஒரே ஆள், அதுவும் நெருங்கிய ரத்த உறவாக இல்லாதவர். மகளைப் பிடிக்கச் சொன்னால் அவள் அழ முடியாது. கைப்பேசியை ஸ்டாண்டில் வைத்து, தலைமாட்டிலிருந்து பார்க்கும்படி நிறுத்துங்கள். அந்தப் பக்கத்து ஒலியை அடைத்துவிடுங்கள், ஒப்பாரியின் நடுவே "ஹலோ கேக்குதா" என்று வரக் கூடாது. பொதுவெளியில் நேரலை போட வேண்டாம். தூரத்தில் இருப்பவர் அதே நேரத்தில் தன் வீட்டில் விளக்கேற்றி ஒரு பிடி அரிசியைத் தட்டில் போடலாம். அந்த அரிசியை மறுநாள் பறவைக்கு வையுங்கள். திரையை மட்டும் பார்த்துக்கொண்டு கைக்கு வேலையில்லாமல் இருப்பவர்களுக்குத்தான் பிற்பாடு மனம் ஆறுவதில்லை.

வெளிநாட்டு மின்தகன மேடையில் நம்ம முறைகளை எப்படிச் செய்வது?

நேரம்தான் முதல் தொல்லை. இங்கிலாந்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் அரைமணி, முக்கால் மணி. இரண்டு வேளையைச் சேர்த்துப் பதியுங்கள். சாவுக்கும் தகனத்துக்கும் நடுவே ஒன்றிரண்டு வாரம் ஓடுவதும் அங்கே சாதாரணம்.

நீர்மாலை, குளிப்பாட்டு, கோடி (புதுத் துணி) போடுவது எல்லாவற்றையும் இறுதிச் சடங்கு நிறுவனத்தின் குளிப்பாட்டும் அறையில் முடித்துவிடுங்கள். எத்தனை பேர் உள்ளே வரலாம் என்று முந்தின நாளே கேளுங்கள். தாய்மாமன் கோடியும் பிறந்த வீட்டுக் கோடியும் யார் கொண்டுவருவது என்று ஊரில் சண்டை வருகிறது என்றால், அங்கே கொண்டுவர ஆளே இல்லை என்பதுதான் துயரம். மாமன் முறையில் இருக்கிற யாரும், தூரத்துச் சொந்தமானாலும், போடலாம். ஊரிலிருக்கும் மாமன் பணம் அனுப்ப, "இது உங்க மாமா போடுறது" என்று சொல்லிப் போடுவதும் நடப்பில் உள்ளதே.

வாய்க்கரிசி தடையில்லை. தேங்காயைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள், சூட்டில் வெடிக்கும். கண்ணாடி வளையல், பேட்டரி எதுவும் கூடாது. பேஸ்மேக்கர் வைத்திருந்தவர் என்றால் நிறுவனத்திடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அதுவும் வெடிக்கும், முன்னதாக எடுத்தாக வேண்டும். உள்ளே நெருப்பு அனுமதி இல்லாத இடத்தில் பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தத்துக்குப் பதிலாக ஆளுக்கொரு சந்தனத் துண்டைப் பெட்டிமேல் வைக்கலாம்.

கொள்ளிக்குடத்தை வெளியே, அனுமதி வாங்கி, வாகனம் நிற்கும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தோட்டக் கடையில் வாங்குகிற மண்தொட்டிக்கு அடியிலேயே ஓட்டை இருக்கும், அது உதவாது. ஓட்டை இல்லாத, மெருகு பூசாத, இரண்டு லிட்டருக்கு மேல் போகாத பானை தேடுங்கள். மேலை நாட்டுப் பானை நன்றாகச் சுட்டது. சுற்றுக்கு ஒரு ஓட்டை என்று அரிவாளால் கொத்தினால் முதல் கொத்திலேயே பிளக்கும். முந்தின நாளே ஆணியால் மூன்று துளை போட்டு மெழுகால் அடைத்துக்கொண்டு, சுற்றுக்கு ஒன்றாகத் திறந்துவிடுங்கள். உடைக்கும்போது கீழே தடித்த சாக்கு விரித்தால் ஓடு சிதறாது. கொள்ளி வைப்பதற்கு ஈடாகச் சில இடங்களில் மகனை விசையை அழுத்த விடுவார்கள், கேட்டால்தான் விடுவார்கள். மகளும் அழுத்தலாம், எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

அஸ்தியை விமானத்தில் எப்படிக் கொண்டுவருவது?

கைப்பையில் கொண்டுவாருங்கள், பெட்டியில் போட்டு அனுப்பாதீர்கள். செம்பு, வெண்கலம், கல் கலசத்துக்குள் எக்ஸ்ரே பார்க்க முடியாது, அதனால் பாதுகாப்புச் சோதனையில் நிறுத்திவிடுவார்கள். மரம், பிளாஸ்டிக், தடித்த அட்டை நல்லது. அழகான செம்புக் கலசம் வேண்டுமென்றால் காலியாகக் கொண்டுவந்து இங்கே மாற்றிக்கொள்ளலாம். இறப்புச் சான்றிதழ், தகனச் சான்றிதழ் இரண்டும் மூலப்பிரதியாகக் கையில் இருக்கட்டும். இறந்தவர் இந்தியக் குடிமகன் என்றால் தூதரகச் சான்றும் ரத்தான பாஸ்போர்ட்டும் வேண்டும். விமான நிறுவனத்துக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. அஸ்தி என்றால் எலும்பு. நம்மூரில் பால் தெளித்து எலும்பைப் பொறுக்குகிறோம். மேலை நாடுகளில் எலும்பையும் அரைத்து மாவாக்கி, இரண்டு மூன்று கிலோ பொடியாகத் தருவார்கள். எலும்புத் துண்டு வேண்டுமென்றால் தகனத்துக்கு முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு கேட்டுப் பயனில்லை.

எங்கே கரைப்பது? அக்னி தீர்த்தமா, சேதுக்கரையா, தேவிபட்டினமா?

மூன்றுமே வழக்கில் உள்ளவை. உங்கள் வீட்டில் யாருடையதாவது முன்பு எங்கே கரைத்தார்களோ அதுவே உங்கள் இடம். அப்படி ஒன்று இல்லையென்றால் கடலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வாடைக் காற்று அடிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்கும். அக்னி தீர்த்தமும் தேவிபட்டினமும் அந்தப் பக்கம். வைகாசி தொடங்கி ஆவணி வரை தென்மேற்குக் காற்றில் மன்னார் வளைகுடாப் பக்கம் சேதுக்கரையில் அலை எழும். தனுஷ்கோடியில் பாக் நீரிணையைப் பெண் கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். இரண்டும் கூடும் அரிச்சல்முனையில் இறங்கவே வேண்டாம். நீரோட்டம் ஆளை இழுத்துவிடும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா, படகு பிடித்து அங்கே போய்க் கரைக்க அனுமதி கிடையாது.

பொடி அஸ்தி காற்றில் பறந்து கரைப்பவர் முகத்திலேயே அடிக்கும். காற்றுக்கு முதுகு காட்டி, முழங்கால் ஆழத்தில் நின்று, கலசத்தின் வாயைத் தண்ணீருக்குள் அமிழ்த்திச் சாய்க்க வேண்டும். கலசத்தையும் துணியையும் பிளாஸ்டிக்கையும் கடலில் விடாதீர்கள்.

ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் ராமேஸ்வரத்தில் நிற்கவே இடம் இருக்காது. அஸ்திக்கு அமாவாசை கட்டாயமில்லை, சாதாரண நாள் ஒன்றில் விடியற்காலையில் போங்கள். புரோகிதரிடம் எள், தர்ப்பை, பச்சரிசி மாவு, பிண்டம், தட்சணை எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று கடலுக்கு இறங்குமுன் பேசிவிடுங்கள். இறங்கிய பிறகு பேரம் பேச யாருக்கும் வாய் வராது, அது அவருக்கும் தெரியும். கோவிலுக்குள் 22 தீர்த்தம் ஆடுவதாக இருந்தால் முதலில் அக்னி தீர்த்தம், கடைசியில் கோடி தீர்த்தம். ஈர உடையோடு சாமி பார்க்க விடமாட்டார்கள், மாற்றுத் துணி எடுத்துக்கொள்ளுங்கள். தீட்டு கழியாத நாட்களில் வந்தவர்கள் கடலோடு திரும்பிவிடுவதுதான் இந்தப் பக்கத்து வழக்கம்.

டொராண்டோவில் திங்கள் இரவு 9 மணிக்கு இறந்தார். ஊரில் அப்போது செவ்வாய் காலை. எந்த நாளைக் கணக்கில் எடுப்பது?

இறந்த இடத்து நாளும் நேரமும்தான். கோடையில் டொராண்டோ நம்மைவிட 9½ மணி நேரம் பின்னால் இருக்கிறது, ஆகவே ஊரில் செவ்வாய் காலை 6.30. திதி எந்த ஊரிலும் ஒரே கணத்தில்தான் மாறும். புரோகிதரிடம் "டொராண்டோ நேரம், திங்கள் இரவு 9" என்று முழுசாகச் சொல்லுங்கள், அவர் அந்தக் கணத்துத் திதியைப் பார்த்துச் சொல்வார். மாதம், பட்சம், திதி மூன்றையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். அடுத்த வருஷம் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

எங்கள் பக்கம் 16-ஆம் நாள் கருமாதி. மருமகன் யாழ்ப்பாணத்துக் குடும்பம், 31-ஆம் நாள் என்கிறார்கள்.

இறந்தவர் எந்த வீட்டாரோ அந்த வீட்டு முறை. யாழ்ப்பாணத்து வழக்கில் எட்டுச் செலவும் (எட்டாம் நாள் படையல்), 31-ஆம் நாள் அந்தியேட்டியும் (நம்மூர்க் கருமாதி போன்றது) உண்டு. நம்மூர்க்காரர் இறந்தால் 16. 16-ஆம் நாள் கருமாதியும் உருமாக் கட்டும் (தலைப்பாகை கட்டும் சடங்கு) முடித்துவிட்டு, 31-ஆம் நாள் மருமகன் வீட்டார் சோறு சமைத்துப் படைப்பதால் எதுவும் கெட்டுவிடாது. இலங்கைத் தமிழ் அகதிகள் இருக்கும் மண்டபம் முகாமைச் சுற்றியுள்ள குடும்பங்களில் இரண்டும் நடக்கிற வீடுகள் உண்டு. அங்கே இருப்பவர்கள் சாவுக்கு வெளியூர் போக முகாம் அதிகாரியிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். அவர்கள் வரவில்லை என்று கோபிக்குமுன் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வாப்பா துபாயில் மவுத்தாகிவிட்டார்கள், அங்கேயே அடக்கினார்கள். ஊரில் நாங்கள் என்ன செய்வது?

இறந்த ஊரிலேயே அடக்குவதுதான் மார்க்கம் விரும்புவது. உடலைத் தூர தேசம் கொண்டுபோவதை ஷாஃபி மத்ஹபு ஏற்பதில்லை. கீழக்கரை, தொண்டிப் பக்கம் ஷாஃபிகளே அதிகம், அவர்களுக்குக் காயிப் ஜனாஸா தொழுகை உண்டு: உடல் எதிரே இல்லாமலே ஊர்ப் பள்ளியில் தொழலாம். ஹனஃபியில் அது கிடையாது, எனவே சம்பந்தி வீட்டார் வரிசையில் நிற்கவில்லை என்றால் வருத்தப்பட வேண்டாம்.

உம்மாவின் இத்தா (கணவர் இறந்தபின் மனைவி காத்திருக்கும் காலம்) நான்கு மாதம் பத்து நாள், பிறைக் கணக்கில். ஆங்கில மாதத்தில் எண்ணுவதுதான் வெளிநாட்டு வீடுகளில் அதிகம் நடக்கும் பிழை. சேதி வந்த நாளிலிருந்து அல்ல, மவுத்தான நேரத்திலிருந்து தொடங்கும். கர்ப்பமாக இருந்தால் பிரசவத்தோடு முடியும். வேலைக்குப் போகாமல் முடியாது என்ற நாட்டில் இருந்தால், தேவைக்குப் பகலில் வெளியே போக வழி உண்டு, ஆலிமிடம் நிலைமையைச் சொல்லிக் கேளுங்கள். மற்றவர்களுக்குத் துக்கம் மூன்று நாள்தான். 40-ஆம் ஃபாத்திஹா ஓதுவதா இல்லையா என்பதில் வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி இருக்கும். மையித்து வீட்டில் அதை வாதமாக்காமல், யாசீன் ஓதுகிறவர் ஓதட்டும், ஸதகா (தர்மம்) கொடுக்கிறவர் கொடுக்கட்டும்.

நாங்கள் கத்தோலிக்கர். அம்மாவின் சாம்பலைப் பாம்பன் கடலில் தூவலாமா?

கூடாது. 1963 முதல் திருச்சபை தகனத்தை அனுமதிக்கிறது. ஆனால் சாம்பலைத் தூவுவதையும் வீட்டில் வைப்பதையும் 2016-இல் வத்திக்கான் தடுத்தது. கல்லறை போன்ற புனித இடத்தில்தான் வைக்க வேண்டும். பங்குத்தந்தையிடம் சொன்னால் தாத்தா பாட்டி கல்லறையிலேயே சேர்க்க ஏற்பாடு செய்யலாம். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு ஊர் வருவதாக இருந்தால் அந்தப் பயணத்திலேயே இதை முடிப்பவர்கள் உண்டு.

உடலே கிடைக்கவில்லை.

கடலில் போனவர்களுக்காக இந்தக் கரையில் என்றைக்கும் நடந்துவருவதுதான். புரோகிதர் வைக்கிற வீடுகளில் தர்ப்பைப் புல்லால் உருவம் செய்து எரிப்பார்கள். கிறிஸ்தவர்கள் படத்தை வைத்துத் திருப்பலி நிறைவேற்றுவார்கள். சட்டம் மட்டும் பொறுமையானது: காணாமல் போனவரைப் பற்றி 7 ஆண்டு எந்தத் தகவலும் இல்லையென்றால்தான் இறந்ததாகக் கொள்ளும். ஆகவே முதல் நாளே காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்து ரசீதை வாங்கி வையுங்கள். பிற்பாடு கணக்குத் தொடங்குவது அந்தத் தேதியிலிருந்து என்பதை நிரூபிக்க அது உதவும். சடங்குக்கு 7 ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் மனைவி இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்போது பங்காளிகள் தேதி குறிப்பது அநியாயம்.

அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பத்தாவின் சாவுக்குக் கூட்டிப்போவதா?

கூட்டிப்போங்கள். ஆனால் முந்தின நாளே என்னென்ன பார்ப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்த மொழியில் சொல்லுங்கள்: பெண்கள் கட்டிப்பிடித்துச் சத்தமாக அழுவார்கள், அது சண்டை இல்லை, அப்பா மொட்டை போடுவார், அப்பத்தாவின் மூக்கில் பஞ்சு இருக்கும், பறை காதை அடைக்கும். "தூங்குகிறார்" என்று சொல்லாதீர்கள், பிறகு பிள்ளை தூங்கப் பயப்படும்.

கையில் ஒரு வேலை கொடுங்கள். நெய்ப்பந்தம் பேரப்பிள்ளைக்கு உரியது, அதைப் பிடித்த பிள்ளை அந்தச் சாவை வேடிக்கை பார்த்ததாகச் சொல்லாது. துட்டி (துக்கம்) கேட்க வருகிறவர் ஒவ்வொருவரையும் உறவோடு சொல்லிக் காட்டுங்கள்: "இவங்க உனக்குப் பெரியத்தை, இவரு உனக்கு மாமா முறை." ஊரில் நாலு வருஷம் வளர்ந்தால் தெரிந்திருக்கும் உறவு முறைகளை, சாவு வீட்டின் மூன்று நாளில் கற்றுக்கொண்ட பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஒப்பாரியில் வரும் "என்னைப் பெத்த ராசா" என்பதை அப்படியே பெயர்த்துச் சொன்னால் பிள்ளை குழம்பிப்போகும். இறந்தவரோடு பேசுகிறார்கள் என்று மட்டும் சொன்னால் போதும். ஒப்பாரி தெரிந்த கிழவிகள் வீட்டில் இருந்தால் உயிரோடு இருக்கும்போதே கேட்டுப் பதிந்து வையுங்கள்; சாவு வீட்டில் கைப்பேசியை நீட்டாதீர்கள். சும்மா பாடச் சொன்னால் "வீட்டுக்கு ஆகாது" என்று மறுப்பார்கள். வாசலுக்கு வெளியே, தோப்பிலோ கடற்கரையிலோ உட்காரவைத்துக் கேட்டால் பலர் பாடுவார்கள்.

மருமகள் தமிழ்ப் பெண் இல்லை. அவளுக்கு என்ன இடம்?

மருமகளுக்கு உள்ள இடம்தான். என்ன நிறம் உடுத்துவது என்று முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். ஐரோப்பியப் பெண் கறுப்பில் வந்து நிற்பாள், சீனப் பெண் சிவப்பைத் தவிர்ப்பாள், இரண்டும் மரியாதையால் செய்வது. கரையில் அக்னி தீர்த்தத்தில் அவள் கூடவே நிற்கலாம். கோவில் கருவறைப் பக்கம் இந்து அல்லாதவரை விடமாட்டார்கள், அதை வாசலில் போய்த் தெரிந்துகொள்ள வைக்காதீர்கள்.

வெளிநாட்டு இறப்புச் சான்றிதழை வைத்து ஊரில் பட்டா மாற்ற முடியுமா?

வெளிநாட்டில் நடந்த இறப்பை ஊர்ப் பதிவாளர் பதியமாட்டார். இந்தியக் குடிமகன் என்றால் அந்த நாட்டு இந்தியத் தூதரகத்திலேயே பதிவு செய்ய வேண்டும். மூலச் சான்றிதழைச் சான்றொப்பம் பெற்று வைத்துக்கொண்டு, வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். பட்டா அதற்குப் பிறகுதான். மூலப்பிரதிகள் ஐந்தாறு வாங்கிக்கொண்டு கிளம்புவது நல்லது. வங்கி, காப்பீடு, பட்டா என்று ஒவ்வொரு இடத்திலும் ஒன்று கேட்பார்கள், இரண்டாம் முறை வாங்க அந்த நாட்டுக்கே எழுத வேண்டும்.

எல்லாம் முடிந்து ஆறு மாதம் ஆகிவிட்டது. இப்போதுதான் அழுகை வருகிறது.

வரும். ஊரில் இருந்திருந்தால் எட்டாம் நாள், 16-ஆம் நாள், முதல் அமாவாசை, முதல் தீபாவளி என்று யாராவது வந்து உங்களை அழவைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அங்கே மூன்றாம் நாளே வேலைக்குப் போயிருப்பீர்கள். வருஷத் திதிக்கு ஊர் வரத் தேதி போடுங்கள். அதுவரை அமாவாசைக்கு ஒருநாள் அவருக்குப் பிடித்த மீன் குழம்பை வைத்து, ஒரு இலை அதிகமாகப் போடுங்கள். அமாவாசைக்கு மீன் ஆகாது என்கிற வீடாக இருந்தால் மறுநாள் வையுங்கள்.